பத்து வயதின் எல்லை: மலையகப் பிள்ளைகளும் இடைநிலைப் பாடசாலை நுழைவும்

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் சர்வதேசப் பாடசாலை என்னும் பெயர் தாங்கிய பலகைகள் இன்று கடைவீதிகளை அண்டிக் காணப்படுகின்றன. இத்தகைய பாடசாலையொன்றில் ஆறாம் ஆண்டுக்கு இடம் கோரும் பெற்றோர் ஆங்கிலப் படிவமொன்றை நிரப்ப வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், முன்னைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், நுழைவுத் தேர்வு, பெற்றோருடன் நேர்காணல், கட்டணத்துக்கான உடன்பாடு என்பன இத்தகைய அனுமதியின் வழமையான படிகளாகும். படிவம் புதியது. ஆயின், இடைநிலைக் கல்வியின் வாயிலில் நிற்கும் மலையகப் பிள்ளையிடம் என்னென்ன கேட்கப்பட்டன என்பதோ ஒரு நூற்றாண்டைக் கடந்த வரலாறு. அவ்வரலாற்றை நோக்குமிடத்து, பிள்ளையின் அறிவாற்றலைச் சோதித்த தடைகள் மிகச் சிலவே என்பதும், வயது, மொழி, வழி, தாள் என்பனவே பெரும்பாலும் வாயிலைக் காத்து நின்றன என்பதும் புலனாகும்.

கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்திலே தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்புபவராகவே பெரிதும் இருந்தனர். ஆதலின் பிள்ளைகளின் கல்வி பற்றிய வினா அன்று பெரிதாக எழவில்லை. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டதும், அடுத்துவந்த இரு தசாப்தங்களுள் நோயினால் கோப்பி அழிந்து தேயிலை மலைகளை மூடியதும் நிலைமையை மாற்றின. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர், அங்கேயே வளர்ந்தனர்.

1854 ஆம் ஆண்டில் கிறித்தவ மிஷனரிமாரும் சில தோட்ட உரிமையாளரும் இணைந்து தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் ஆங்காங்கே பாடசாலைகளை நடத்தியது. வேறு தோட்டங்களில் எழுத்தறிந்த ஒருவர் மாலையில் லயத்து வாசலிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகளைக் கூட்டி அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். கல்வி பெற்றவன் மண்வெட்டியைத் தொடமாட்டான் என்ற அச்சம் துரைமாரிடம் இருந்தது. அவ்வச்சம் பெரிய கங்காணிமார் சிலரிடமும் இருந்தமை வியப்பன்று; தொழிலாளர் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொண்டால் முற்பணக் கடனின் கணக்கையும் பார்ப்பர் அல்லவா? கடனைக் காட்டும் ‘துண்டு’ என்னும் சீட்டே அக்காலத்தில் ஒரு குடும்பம் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகலாமா என்பதைத் தீர்மானித்தது. 1921 ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தாளொன்று மனிதனின் வழியைத் தீர்மானிக்கும் வழக்கம் அத்துடன் ஒழிந்துவிடவில்லை என்பதைப் பின்னர் காணலாம்.

இதே தோட்டங்களின் பங்களாக்களிலும் பிள்ளைகள் இருந்தனர். துரையின் பிள்ளை ஏழு எட்டு வயதை எட்டியதும் இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலையொன்றுக்கு அனுப்பப்படுவது ஆங்கிலேயக் குடும்பங்களின் வழக்கமாயிருந்தது. விண்ணப்பம் கப்பல் தபாலிற் செல்லும். பின்னர் பிள்ளையும் கப்பலேறும். பெற்றோரை ஆண்டுக்கணக்கிற் பிரிந்து வாழ்ந்த அப்பிள்ளைகளின் துயரும் துயரே. எனினும், நுவரெலியாவின் குளிரிலிருந்து வெளிநாட்டு இடைநிலைப் பாடசாலைக்கு முதன்முதல் விண்ணப்பித்தோர் அவர்களே என்பதை மறத்தலாகாது. பங்களாவில் எட்டு வயது என்பது நெடிய கல்வியின் தொடக்கம். லயத்தில் அது கல்வியின் முடிவுக்கு இரண்டு ஆண்டுகளே எஞ்சியிருந்த வயது.

இவ்விரண்டு ஆண்டுக் கணக்கு சட்டத்தின் கணக்காகும். 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் தோட்ட அத்தியட்சகரின் பொறுப்பாக்கியது. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் அதே வயதெல்லையைக் கைக்கொண்டது. தோட்டத்துக்கு வெளியே கட்டாயக் கல்விக்குரிய வயதெல்லை இதனினும் உயர்ந்ததாகும். ஒரே தீவில், ஒரே ஆட்சியின் கீழ், பிள்ளைப் பருவம் இருவேறு வயதுகளில் முடிவடைந்தது. தோட்டப் பிள்ளைக்கு அது ஏன் பத்தில் முடியவேண்டும் என்பதற்கான விடை கல்விச் சட்டத்தில் இல்லை. தொழிற் சட்டத்தில் இருக்கிறது.

1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தோட்ட வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்தது. இது சிறுவரைக் காத்த சட்டமே. அதற்கு முன் அதனிலும் இளைய பிள்ளைகள் வேலைத்தலத்தில் நின்றதை எண்ணும்போது அதன் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயின் பத்துக்குக் கீழே வேலை கூடாதெனின் பத்துக்கு மேலே கூடும் என்பது அதன் மறுபுறப் பொருளாயிற்று. குறைந்தபட்சச் சம்பளம் 1929 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது உயர் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. தாயின் சம்பளத்துக்கும் பிள்ளையின் சம்பளத்துக்கும் இடையே 11 சதமே வேறுபாடு. பத்து வயதுப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தி ‘பேர் பதிந்த’ பெற்றோரை அறியாமையுடையோர் எனப் பழித்துரைத்த வித்தியாதரிசிமாரும் உளர். நாட்டுக் கல்விமான்களும் உளர். 32 சதத்தை ஒரு லயத்துக் குடும்பம் எவ்வாறு இழக்கும் என்று அவர்கள் கணக்கிட்டிருப்பின் அப்பழிச்சொல் பிறந்திராது.

ஆக, கல்விக்குரிய கடப்பாடு எங்கே முடிந்ததோ அங்கேயே உழைப்புக்குரிய அனுமதி தொடங்கிற்று. இரண்டு சட்டங்களும் பத்து வயது என்ற ஒரே கோட்டில் வந்து சந்தித்தன. இடைநிலைக் கல்வி அக்கோட்டுக்கு அப்பால் இருந்தது.

கோட்டுக்கு இப்பால் கிடைத்த கல்வியும் எளிதில் அப்பால் இட்டுச் செல்லத்தக்கதாய் இருக்கவில்லை. தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஒரே அறை. ஆசிரியர் ஒருவரே ஐந்து வகுப்புகளையும் வைத்திருப்பார். அவருக்குச் சம்பளம் தோட்டத்திலிருந்து வந்தது. பாடசாலைக்கெனத் தோட்டம் அரசாங்கத்திடம் உதவிநன்கொடை பெற்றது. துரையின் ஊழியராகிய ஆசிரியர் கொழுந்து நிறுக்கும் வேளையிலும் பெயர் எழுதும் வேளையிலும் கணக்கப்பிள்ளைக்குத் துணைநிற்க வேண்டியிருந்ததும் உண்டு. தம்பி தங்கையரைப் பார்க்கவேண்டிய மூத்த பெண்பிள்ளை இடையிடையே வரவில்லை என்பதும், மழைக்காலத்தில் அறை ஒழுகிற்று என்பதும் தனித்துச் சொல்லவேண்டாத செய்திகள்.

இவற்றினும் கடியது மொழித் தடையாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கையில் இடைநிலைக் கல்வி என்பது ஏறத்தாழ ஆங்கிலக் கல்வியே. ஹட்டன், நுவரெலியா, கம்பளை, கண்டி ஆகிய நகரங்களில் மிஷன்கள் நடத்திய ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் பெற்றன. தோட்டப் பாடசாலையோ தமிழில் மட்டும் கற்பித்தது. ஐந்தாம் வகுப்பை முடித்த தோட்டப் பிள்ளை ஆங்கிலப் பாடசாலையில் சேரவேண்டின் கீழ் வகுப்புக்குத் திரும்பி ஆங்கில எழுத்திலிருந்து தொடங்கவேண்டும். பத்து வயதில் அதற்குரிய பொழுதும் பணமும் எவரிடம் இருந்தன?

பெரிய கங்காணிமாரின் குடும்பங்களிலும், நகரத்தில் வணிகம் செய்தோர் குடும்பங்களிலும் இருந்தன. வட்டகொடையை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914 ஆம் ஆண்டில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஹட்டன் மெதடிஸ்த பாடசாலையிலும் பின்னர் கொழும்பு நாலந்தாவிலும் பயின்றார். சௌமியமூர்த்தி தொண்டமான் கம்பளைப் புனித அந்திரேயர் கல்லூரியின் மாணவர். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் முன்னவர் தலவாக்கலையிலும் பின்னவர் நுவரெலியாவிலும் வெற்றியீட்டினர். வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கியவர் என்பதும் கருதத்தக்கது. லயத்து மக்களின் குரலைச் சபையிலும் நூலிலும் ஏற்றியோர் பத்து வயதுக் கோட்டைக் கடக்க வழி வாய்த்த சிலரே. லயத்துக்குள்ளிருந்து அதே ஆற்றலுடன் எத்தனை பிள்ளைகள் கோட்டின் இப்புறத்திலேயே நின்றுவிட்டனர் என்பதைக் கணக்கிட வழியில்லை.

தஞ்சையிலிருந்து வந்து மலையகத் தொழிற்சங்க இயக்கத்துக்கு அடிகோலிய கோ. நடேசய்யர் இந்நிலையை உணர்ந்தவர். சட்டநிரூபண சபையிலும், 1936 ஆம் ஆண்டிலிருந்து ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையிலும் தொழிலாளரின் குறைகளை எடுத்துரைத்த அவர், பத்திரிகைகளும் துண்டுப் பிரசுரங்களும் வெளியிட்டார். வாசிக்கத் தெரியாத மக்களிடையே பத்திரிகை நடத்துவது வீண்வேலை என நினைப்போர், ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் வழக்கத்தை அறியாதவராவர். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கருத்துகளைப் பாட்டாகவே பாடித் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றார். புசல்லாவையில் கே. இராஜலிங்கம் சரஸ்வதி வித்தியாலயத்தை நிறுவியமையும் இவ்விழிப்புணர்ச்சியின் வெளிப்பாடே.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 ஆம் ஆண்டு ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் வரலாற்றில் அது பெரும் திருப்பம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தோட்டப் பாடசாலை ஏற்கெனவே கட்டணமற்றது. அங்கே இல்லாதிருந்தது ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கல்வியே. தோட்டங்கள் நிலமும் கட்டடமும் வழங்க அரசாங்கம் பாடசாலையை நடத்தலாம் என்ற ஏற்பாடு 1947 ஆம் ஆண்டின் கல்வித் திருத்தச் சட்டத்தில் இடம்பெற்றது. அவ்வேற்பாடு பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. அடுத்த ஆண்டே 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அச்சட்டம் பாடசாலை வாயிலை நேராக மூடவில்லை. வாயிலுக்கு அப்பால் இருந்த பாதையையே அது மூடியது. குடியுரிமையற்றவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. படித்தபின் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ ஆகமுடியாத மகனை ஏன் படிப்பிக்கவேண்டும் என்ற தந்தையின் வினாவுக்கு அன்று எவரிடமும் தக்க விடை இருக்கவில்லை.

இருள் சூழ்ந்த இக்காலத்திலேயே வேறொரு திசையிலிருந்து வாயில் சிறிது திறந்தது. 1950களில் இடைநிலை வகுப்புகள் படிப்படியாகச் சுயமொழிக்கு மாறின. சுயமொழிக் கல்வியின் பின்விளைவுகள் பற்றி இரு கருத்துகள் உண்டு. ஆங்கிலத்தை இழந்தமை இழப்பே என்பாரும் உளர். ஆனால் தோட்டப் பிள்ளையின் நிலையில் நின்று நோக்கினால், தமிழில் ஐந்தாம் வகுப்பு முடித்தவன் தமிழிலேயே ஆறாம் வகுப்புக்குச் செல்ல முடிந்தது அதுவே முதன்முறை. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவிநன்கொடை பெற்ற மிஷன் பாடசாலைகள் பெரும்பாலானவற்றை அரசின் கைக்கு மாற்றின. தோட்டப் பாடசாலைகள் மட்டும் அம்மாற்றத்துக்குப் புறத்தே விடப்பட்டன. இதனால் நகரப் பாடசாலை அரசினதாகவும் தோட்டப் பாடசாலை துரையினதாகவும் இருக்க, ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஒரு முறைமையிலிருந்து மற்றொரு முறைமைக்குத் தாண்டவேண்டியதாயிற்று.

தாண்டுவதற்குத் தாள்கள் வேண்டும். விடுகைப் பத்திரம் தோட்டத்து ஆசிரியர் தருவது. பிறப்புச் சான்றிதழோ, தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பை அறிவிக்கும் கடமை அத்தியட்சகரிடம் இருந்தமையால், தோட்ட அலுவலகத்தின் கவனத்தையும் கவனயீனத்தையும் பொறுத்தது. லயத்தில் முத்தம்மா என அழைக்கப்பட்டவள் பதிவேட்டில் வேறு பெயரினளாய் இருப்பதும், தந்தை பெயரில் ஓரெழுத்து மாறியிருப்பதும் பொதுவாய் நிகழ்ந்தவை. ஓரெழுத்தைத் திருத்தப் பெற்றோர் ஒரு நாட் சம்பளத்தை இழந்து கச்சேரிக்குப் போகவேண்டும். ஒரு நாளில் முடிந்தால் அதுவே நற்பேறு.

தாளுக்கு அடுத்தது வழி. 1884 ஆம் ஆண்டில் ஹட்டனையும் மறு ஆண்டில் நானுஓயாவையும் எட்டிய புகையிரதப் பாதை தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்கென அமைக்கப்பட்டது. எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து அதே பாதை வேறொரு பயனைத் தந்தது. வட்டவளை, கொட்டகலை, தலவாக்கலைப் பகுதிப் பிள்ளைகள் தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் இறங்கி, பருவச் சீட்டுடன் ரயிலேறி ஹட்டன் பாடசாலைகளுக்குச் சென்றனர். தொலைவிலிருந்தோர் நகரத்து உறவினர் கடையின் பின்னறையில் தங்கினர். கடையில் மாலை வேலையே வாடகை.

இக்காலத்து மாணவர் தலைமுறையை உருவாக்கியதில் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரிக்குத் தனியிடம் உண்டு. அதன் ஆசிரியராயும் அதிபராயும் விளங்கிய இர. சிவலிங்கம், மலையகத்தவர் என்ற தன்மதிப்பை வகுப்பறையில் ஊட்டியவர் என அவர்தம் மாணாக்கர் போற்றுவர். ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளிலும் அங்கு கற்றோரிடையே எழுத்தாளரும் ஆசிரியரும் பல்கலைக்கழகம் புகுந்தோரும் தோன்றினர். பேராதனைக்கு மலையகத்திலிருந்து வந்த மாணவர் விரல்விட்டு எண்ணத்தக்கோராய் இருந்த காலம் அது. அவர்கள் சிலரே எனினும், லயத்துப் பெற்றோருக்கு வழிகாட்டிகளாயினர். ஆறாம் வகுப்புப் படிவத்தை எங்கே பெறுவது, எவரிடம் கொடுப்பது என்பதைச் சொல்லித்தரக் கூடிய ஒருவர் இப்பொழுது தோட்டத்திலேயே இருந்தார்.

ஆயின் 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பிரித்தது; எஞ்சிய 1,50,000 பேர் 1974 ஆம் ஆண்டில் இரு நாடுகளிடையே சமமாகப் பகுக்கப்பட்டனர். எந்தப் பட்டியலில் தாம் இருக்கிறோம் என்று அறியாத குடும்பம் பிள்ளையை எந்த நாட்டுப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும்? வகுப்பில் நேற்றிருந்த பிள்ளை இன்று தலைமன்னார்க் கப்பலில் ஏறியிருப்பான். சிவலிங்கம் அவர்களே பிற்காலத்தில் தமிழகம் சென்று நீலகிரியில் தாயகம் திரும்பியோரிடையே பணியாற்றி, 1999 ஆம் ஆண்டில் மறைந்தார். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை வாட்டிய கொடுமை தனியே எழுதப்படவேண்டியது. பசித்த பிள்ளைக்கு வரவுப்பதிவேட்டில் இடம் இருந்து பயனில்லை.

கம்பெனித் தோட்டங்கள் 1975 ஆம் ஆண்டில் தேசியமயமாக்கப்பட்டதைத் தொடர்ந்து, குறிப்பாக 1977 ஆம் ஆண்டு முதலாக, தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. நாட்டின் ஏனைய பாடசாலைகளுக்குப் பதினாறு பதினேழு ஆண்டுகள் பிந்திய இம்மாற்றத்தால், ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் முதன்முறையாக ஒரே கல்வித் திணைக்களத்தின் கீழ் வந்தன. பின்னர் சுவீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் பெருகின. கொட்டகலை பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அவ்வுதவியின் நிலையான பேறாகும். 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்த்தன.

பல்கலைக்கழக அனுமதியில் 1974 ஆம் ஆண்டு முதல் புகுந்த மாவட்ட அடிப்படை நுவரெலியா மாவட்டத்துக்கு இடங்களை ஒதுக்கியது. வடக்கில் அது பேரிழப்பாக உணரப்பட்டது. மலையகத்தில் வாய்ப்பாகத் தோன்றியது. ஆனால் தமிழ் மொழிமூலம் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் இம்மாவட்டத்தில் மிக அருகியே இருந்தன. ஒதுக்கிய இடத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறும் வகுப்பே இல்லாதபோது, பிற மாவட்ட மாணவர் சிலர் இங்கு வந்து பரீட்சை எழுதி அவ்விடங்களைப் பெற்றனர் என்ற முறைப்பாடு நெடுங்காலம் நிலவிற்று. வந்தோரைக் குறைகூறுவது எளிது. ஆய்வுகூடம் அமைக்காதோரைக் குறைகூறுவதே முறை.

சர்வதேசப் பாடசாலைகள் இவ்வரலாற்றின் இறுதிப் படியில் வருகின்றன. அவற்றின் தோற்றத்தில் ஒரு விந்தை உண்டு. 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் ஐந்துக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட வயதினருக்குப் புதிய தனியார் பாடசாலைகளை நிறுவுவதைத் தடைசெய்தது. 1977 ஆம் ஆண்டில் திறந்த பொருளாதாரம் வந்தபின் எழுந்த சர்வதேசப் பாடசாலைகள் ஆதலின் பாடசாலைகளாகப் பதியப்படாது, கம்பெனிச் சட்டத்தின் கீழ் வணிக நிறுவனங்களாகப் பதிவுபெற்றன. கொழும்பில் தொடங்கிக் கண்டிக்குப் பரவி மலைநகரங்களுக்கும் அவை வந்துசேர்ந்தன. மிஷன் பாடசாலைகள் அரசுடைமையானபோது நீங்கிய கட்டணமும் ஆங்கிலமும் இவ்வழியாகத் திரும்பின. வணிகரும், தோட்ட உத்தியோகத்தரும், வெளிநாட்டில் உழைப்போரின் குடும்பத்தினரும் பிள்ளைகளை அங்கு சேர்க்க விழைவது இயல்பே; ஆங்கிலமின்மையால் தாம் பட்ட இடர்களை அவர்கள் அறிவர். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நெடிய போராட்டத்தின் பின் 1,000 ரூபாவாக உயர்ந்தது 2021 ஆம் ஆண்டிலேயே. அன்று இருபத்தைந்து நாள் வேலை கிடைத்திருப்பினும் 25,000 ரூபாவே. அதிலும் கழிவுகள் போக எஞ்சியதே கைக்கு வந்தது. பேர்பதியும் வயது இன்று பத்தல்ல. சட்டமும் வழக்கமும் மாறிவிட்டன. ஆனால் ஆங்கிலப் படிவத்தின் கட்டணப் பத்தியில் அத்தந்தையின் பேனா நின்றுவிடுகிறது.

அரும்பாடுபட்டு அப்பத்தியைக் கடந்தோருக்கும் வாயில் முழுமையாகத் திறந்துவிடவில்லை. இப்பாடசாலைகள் பலவற்றில் பயிலும் மாணவர் கேம்பிரிட்ஜ், எடெக்செல் ஆகிய பிரித்தானியப் பரீட்சைகளுக்குத் தோற்றுகின்றனர். இலங்கை அரச பல்கலைக்கழகங்களுக்கான பொது அனுமதியோ நாட்டின் க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றை அடிப்படையாகக் கொண்டது. ஆதலின் நுவரெலியாவில் இலண்டன் உயர்தரத்தில் மட்டும் சித்தியடைந்த மாணவி, மலைச்சரிவின் கீழேயுள்ள பேராதனைக்கு அவ்வழியில் விண்ணப்பிக்க இயலாது. கொழும்பின் தனியார் நிறுவனத்தையோ கடல்கடந்த பல்கலைக்கழகத்தையோ நாடவேண்டும். அவளுடைய பாட்டி கொழுந்தெடுத்த தோட்டத்தின் பாடசாலையிலிருந்து புலமைப்பரிசில் பரீட்சை எழுதி ஹட்டனில் தமிழில் உயர்தரம் கற்கும் மாணவனுக்கு அந்தப் படிவம் கிடைக்கிறது.